'போல' உதிர்ந்த சொற்கள்

ஐந்து வாக்கியங்களைப் பாருங்கள். மாதிரிக்காக நானே எழுதியவைதான், ஆனால் இதே வார்ப்பில் தினமும் எங்காவது படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். "அமைச்சரின் பேச்சு கட்சிக்குள் அதிர்வலைகளை ஏற்படுத்தியுள்ளது." "குழந்தை பாடும் வீடியோ இணையத்தில் வைரலாகி வருகிறது." "நாயகன், நாயகிக்கு இடையே கெமிஸ்ட்ரி நன்றாக ஒர்க் அவுட் ஆகியிருக்கிறது." "இந்த இடைத்தேர்தல் ஆளுங்கட்சிக்கு ஒரு லிட்மஸ் டெஸ்ட்." "போராடும் குணம் அந்த அணியின் டிஎன்ஏவிலேயே இருக்கிறது." நிலநடுக்கவியல், நுண்ணுயிரியல், வேதியியல், மரபியல் என்று பல துறைச் சொற்கள் வந்துவிட்டன, ஆனால் ஐந்தில் ஒன்றுகூட அறிவியல் செய்தி இல்லை. படிக்கிற நாமும் எங்கேயும் தடுக்காமல் புரிந்துகொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.

ஒரு துறைக்குள் கறாரான பொருளோடு பிறந்த சொல், அந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத செய்தியில் எப்படி வந்து உட்கார்கிறது? வரும்போது அதன் பழைய பொருளில் எது கூடவே வருகிறது, எது அங்கேயே நின்றுவிடுகிறது? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மொழியியல் படிப்பெல்லாம் வேண்டாம். பள்ளித் தமிழ் வகுப்பில் படித்த உவமையும் உருவகமும் போதும்.

"மலர் போன்ற முகம்" என்றால் உவமை. ஒப்பிடுகிறோம் என்று 'போன்ற' வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. "மலர்முகம்" என்றால் அந்த 'போன்ற' மறைந்துவிட்டது, அதை உவமைத்தொகை என்பார்கள். "முகமலர்" என்று திருப்பிப் போட்டால் உருவகம், முகம்தான் மலர் என்றே ஆகிவிட்டது. இலக்கணப் புத்தகம் பொதுவாக இங்கே நின்றுவிடும். ஆனால் புழக்கத்தில் இன்னொரு படி இருக்கிறது. உருவகம் பழகிப் பழகி, அது ஒப்பீடு என்பதே மறந்துபோய், அந்தச் சொல்லுக்கு அதுவே நேர்ப்பொருளாகிவிடும் படி அது. 'தூண்டுகோல்' என்று எழுதும்போது விளக்குத் திரியைத் தூண்டிவிடும் குச்சி யாருக்காவது நினைவுக்கு வருகிறதா? 'உரைகல்' என்றால் தங்கத்தை உரசிப் பார்க்கும் கல் நினைவுக்கு வருகிறதா? அவை முழுவதுமாகக் குடிபெயர்ந்துவிட்ட சொற்கள். 'வைரல்' நம் கண்முன்னே அந்த நான்காம் படிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படி 'போல' உதிர்வதற்குப் பத்திரிகை ரொம்பத் தோதான இடம். தலைப்பில் இடம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு, வாசகர் அரைக் கணத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "தொற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதைப் போல இந்த வீடியோவும் பரவுகிறது" என்று எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. ஒரே சொல்லில் ஒரு முழுக் காட்சியையும் அடக்க அறிவியல் சொல் கைகொடுக்கிறது, அதோடு கொஞ்சம் கனத்தையும் சேர்த்துத் தருகிறது. 'சோதனை' என்பதைவிட 'லிட்மஸ் டெஸ்ட்' என்பது ஏதோ ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்டது போன்ற தோரணையைத் தந்துவிடுகிறது. அந்தத் தோரணைக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

சரி, எந்த அடிப்படையில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறோம்? இதற்குத் தொல்காப்பியத்தின் உவம இயலில் ஓர் எளிய சட்டகம் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில்தான் உவமை தோன்றும் என்கிறது. வினை என்றால் செயல், பயன் என்றால் அதனால் விளைவது, மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். புலிபோலப் பாய்ந்தான் என்பதில் ஒத்திருப்பது வினை. பவளம் போன்ற இதழ் என்பதில் ஒத்திருப்பது நிறம். பவளத்தின் கடினம் ஒத்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பீடு என்பது எப்போதுமே ஒரு சீவலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான். அறிவியல் சொற்களை இந்த நான்கில் வைத்துப் பார்த்தால், செய்திக்கு வருபவற்றில் பெரும்பாலானவை வினை உவமங்களாகவே இருப்பது தெரியும். பரவுகிறது, ஈர்க்கிறது, வினைபுரிகிறது, அதிர்கிறது, தாவுகிறது. அறிவியல் பெரும்பாலும் நிகழ்வுகளுக்குப் பெயர் வைக்கிறது, செய்தியும் நிகழ்வுகளைத்தான் சொல்கிறது, அதனால் இரண்டும் சுலபமாகப் பொருந்திவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

'வைரல்' நன்றாகப் பொருந்திய ஒன்று. வைரஸ் என்பது லத்தீனில் நஞ்சைக் குறித்த சொல். புகையிலைச் செடியைத் தாக்கிய ஒரு நோயைப் பற்றிய ஆய்வில், பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் தாண்டிப் போகிற ஏதோ ஒன்றுக்கு 1898இல் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். வைரஸால் தானாகப் பெருக முடியாது. இன்னொரு உயிரணுவுக்குள் புகுந்து, அந்த அணுவைக் கொண்டே தன் நகல்களைச் செய்யவைக்கும். இப்போது வீடியோவை நினைத்துப் பாருங்கள். அதுவும் தானாக நகராது, பார்த்தவர் ஒவ்வொருவரும் இன்னும் சிலருக்கு அனுப்பினால்தான் பெருகும். ஒருவர் மூவருக்கு, மூவர் ஒன்பது பேருக்கு என்று ஏறி, புதிதாகப் பார்க்க ஆள் குறையக் குறைய அடங்கும். ஏற்றமும் இறக்கமும் ஒரு நோய்ப்பரவலின் வரைபடத்தைப் போலவே இருக்கும். தமிழில் இதற்கு முன்பே "காட்டுத்தீ போலப் பரவியது" இருந்தது, "தீயாய்ப் பரவியது" இன்றும் இருக்கிறது. ஆனால் தீயில் இந்தக் கூறு இல்லை, தீ பரவ மரத்தின் ஒத்துழைப்பு தேவையில்லை. வைரல் என்ற சொல், பரப்பியதில் நம் கையும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பொய்ச்செய்தி ஒன்று வைரலானது என்று படிக்கும்போது இந்தப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாச் சொல்லும் இவ்வளவு முழுமையாக வந்து சேர்வதில்லை. வினையூக்கியை எடுத்துக்கொள்வோம். 1835இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் பெயர்வைத்த கருத்து அது. ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்சம் மாங்கனீஸ் டை ஆக்சைடைப் போட்டால் ஆக்சிஜன் குபுகுபுவென்று வரும், பலரும் பள்ளியில் பார்த்திருப்போம். எல்லாம் முடிந்தபின் அந்தக் கறுப்புத் தூளை வடிகட்டி உலர்த்தி எடைபோட்டால் போட்ட எடை அப்படியே இருக்கும். பெராக்சைடு சும்மா வைத்திருந்தாலும் மெதுவாகச் சிதையக்கூடியதுதான், தூள் அதை வேகப்படுத்தியது. ஆக வினையூக்கிக்கு மூன்று இலக்கணம்: வினையை வேகப்படுத்தும், முடிவில் தான் மாறாமல் இருக்கும், நடக்கவே முடியாத வினையை நடத்திவைக்காது. "அந்தச் சம்பவம் போராட்டத்துக்கு வினையூக்கியாக அமைந்தது" என்று எழுதும்போது முதல் இலக்கணம் மட்டும்தான் வருகிறது. மூன்றாவது எவ்வளவு அருமையான பொருள் தெரியுமா? கோபம் ஏற்கெனவே அங்கே இருந்தது, மெதுவாகக் கனிந்துகொண்டிருந்தது, சம்பவம் நடக்காவிட்டாலும் என்றைக்காவது வெளிவந்திருக்கும் என்று அது சொல்கிறது. இந்தப் பொருளோடு எழுதினால் வினையூக்கி என்ற சொல் தன் வேலையைச் செய்கிறது. வெறும் 'காரணம்' என்ற பொருளில்தான் எழுதுகிறோம் என்றால் 'காரணம்' என்றே எழுதிவிடலாம்.

சில சொற்கள் வரும்போதே தடம் மாறிவிடுகின்றன. ஒளியாண்டு என்பது தூரம். ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும், அந்த வேகத்தில் ஓராண்டில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளித்தான் இருக்கிறது. 'ஆண்டு' என்ற சொல் உள்ளே இருப்பதால் "அந்த மாற்றம் வருவதற்கு இன்னும் பல ஒளியாண்டுகள் ஆகும்" என்று காலமாக்கிவிடுகிறார்கள். இது உருவகம்கூட இல்லை, வெறும் பிழை. "இரண்டு கட்சிகளின் கொள்கைகளுக்கும் இடையே பல ஒளியாண்டு தூரம்" என்று எழுதினால் அது உருவகம், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குவாண்டம் பாய்ச்சல் கதை வேறு. பெரும் முன்னேற்றம் என்ற பொருளில் வணிகப் பக்கங்களில் வருகிறது. அணுவுக்குள் எலக்ட்ரான் ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கண்ணுக்குத் தெரியவே தெரியாத அளவு சிறியது, இதைப் போய்ப் பெரிய பாய்ச்சல் என்கிறார்களே என்று இயற்பியல் படித்தவர்கள் வருத்தப்படுவார்கள். பாதிதான் ஒத்துக்கொள்வேன். 1913இல் நீல்ஸ் போர் முன்வைத்த அணு மாதிரியின் சிறப்பே, இரண்டு நிலைகளுக்கு நடுவே எலக்ட்ரான் நிற்க இடமில்லை என்பதுதான். இருந்தால் இங்கே, இல்லையென்றால் அங்கே, நடுப்படி கிடையாது. உருவகம் எடுத்துக்கொண்டது அளவை இல்லை, அந்த நடுப்படி இல்லாத தன்மையை. படிப்படியாக வளராமல் ஒரே தாவலில் நிலை மாறிய தொழில்நுட்பத்துக்கு அந்தச் சொல் சரியாகவே பொருந்தும். சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக விற்பனையான பொருளுக்குத்தான் பொருந்தாது.

தமிழுக்கென்று இதில் ஒரு தனிச் சுவையும் இருக்கிறது. நம்மிடம் அறிவியலுக்கு இரண்டு சொல்வரிசைகள் இருக்கின்றன, பாடப்புத்தகத்துத் தமிழ்ச் சொல் ஒன்று, பேச்சில் புழங்கும் கடன்சொல் இன்னொன்று. உருவகமாவது பல சமயம் இரண்டாவது. இருவருக்கு இடையே 'கெமிஸ்ட்ரி' இருக்கும், 'வேதியியல்' இருப்பதாக எழுதினால் காதில் ஒட்டாது. 'வைரல்' ஆகும், 'நச்சுயிரித்தனம்' ஆகாது. துவண்ட அணிக்கு ஒரு வெற்றி 'ஆக்சிஜன்' கொடுக்கும், 'உயிர்வளி' கொடுப்பதில்லை. இதனால் ஒரு நன்மையும் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் வகுப்பறையிலும் சினிமா விமர்சனத்திலும் இரண்டு பொருளைச் சுமக்க வேண்டும், தமிழில் வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் குழப்பமே வருவதில்லை. 'அலர்ஜி' மட்டும் விதிவிலக்கு, "அவரைக் கண்டாலே எனக்கு அலர்ஜி" என்பதும் சொல்கிறோம், கட்டுரைகளில் "மாற்றுக் கருத்தின்மீது ஒவ்வாமை" என்பதும் இயல்பாக வந்துவிட்டது. ஒவ்வாமை முன்பே 'பொருந்தாமை' என்ற பொருளோடு நம்மிடம் இருந்த சொல் என்பதால் அது சுலபமாக இருந்திருக்கலாம்.

டிஎன்ஏ இன்னும் சுவாரசியமானது, அது புதிய இடத்தைப் பிடிக்கவில்லை, பழைய சொல் ஒன்றின் நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கிறது. "அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது" என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில்தான் இன்று டிஎன்ஏ வருகிறது. ரத்தம் வழியாகக் குணம் வருகிறது என்ற பழைய நம்பிக்கை, 1953க்குப் பிறகு உலகம் அறிந்த அந்த இரட்டைச் சுருளுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 'ரத்தத்தில் ஊறியது' என்பதை யாரும் ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'டிஎன்ஏவில் இருக்கிறது' என்றால் மாற்றவே முடியாதது, நிரூபிக்கப்பட்டது என்ற வாசம் அடிக்கிறது. ஒரு நிறுவனத்தின் பழக்கத்தைப் பற்றி அப்படி எழுதினால் பெரிய கேடு இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி எழுதினால் கேடு, அதுவும் பெரிய கேடு.

'துருவம்' என்ற சொல்லுக்குள் இரண்டு படங்கள் குடியிருக்கின்றன. "இரு தலைவர்களும் இரு துருவங்கள்" என்றால் பூமியின் வட, தென் துருவங்கள், ஒன்றையொன்று சந்திக்கவே முடியாத தூரம். "எதிரெதிர் துருவங்கள் ஈர்க்கும் அல்லவா, அதனால்தான் இவர்கள் காதலித்தார்கள்" என்றால் காந்தத்தின் துருவங்கள். ஒரே சொல், ஒன்று பிரிக்கிறது, ஒன்று சேர்க்கிறது. எந்தப் படம் என்பதைச் சூழலை வைத்து நாமே தேர்ந்துகொள்கிறோம், தேர்ந்துகொண்டோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. அப்புறம் பரிணாமமும் பரிமாணமும். ஒன்று உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவது, மற்றது நீளம், அகலம், உயரம் போன்ற அளவுத் திசை. "நடிப்பில் புதிய பரிணாமம் காட்டியிருக்கிறார்", "பிரச்சினைக்கு இன்னொரு பரிணாமமும் உண்டு" என்று எழுதப்படும் பல இடங்களில் வரவேண்டியது பரிமாணம். இரண்டுமே உருவகமாகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம் கவனிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அறிவியல் கட்டுரையில் இப்படி மாற்றி எழுதியிருந்தால் வாக்கியம் உடனே உடைந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அறிவியல் தூய்மையாக ஒரு சொல்லை உருவாக்குகிறது, பத்திரிகைகள் அதைக் கெடுக்கின்றன என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாதை இருவழிப் பாதை. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் தக்கையின் சீவலைப் பார்த்தபோது தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு, சிற்றறையைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார், அதுதான் இன்றைய 'செல்'. வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் உருவாக்கியது, ஒழுங்கற்ற ஆதிக் குழப்பத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து. மின்னோட்டத்தில் இருக்கும் 'ஓட்டம்' தண்ணீரிடமிருந்து வாங்கியது. ஒலி அலை, ஒளி அலை என்பவற்றின் அலை கடலிலிருந்து வந்தது. "அவனின்றி ஓர் அணுவும் அசையாது" என்று சொல்லிவந்த மொழியில்தான் பின்னால் அணு எண்ணும் அணு உலையும் வந்தன. கைத்தொழிலின் சொல்லை வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்வதும் நமக்குப் புதிதில்லை. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே 'கட்டளைக் கல்' என்கிறது குறள். பொன்னை உரசிப் பார்க்கும் கல்லைத்தான் சொல்கிறது. அந்தக் காலத்தின் லிட்மஸ் டெஸ்ட் அது, சொல்லப்போனால் லிட்மஸைவிடப் பொருத்தமானது. லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும், அமிலமா காரமா என்பதற்குமேல் பெரிதாக ஒன்றும் சொல்லாது. உரைகல் மாற்றுக் குறைவையும் காட்டும், எவ்வளவு தங்கம் என்பதைப் படிப்படியாகச் சொல்லும். ஓர் இடைத்தேர்தல் முடிவை அலச எது நல்ல உவமை என்று யோசித்துப் பாருங்கள்.

சில நேரம் உருவகத்தை அறிவியலாளர்களே உண்டாக்கிக் கொடுத்துவிட்டு, அது வெளியே போய்த் தலைகீழாகத் திரும்புவதும் உண்டு. பட்டாம்பூச்சி விளைவு அப்படிப்பட்டது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலையியலாளர் கணினியில் வானிலை மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு ஓட்டியதை நடுவிலிருந்து மறுபடி தொடங்குவதற்காக 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் பழைய பாதையிலேயே போன கணக்கு, பிறகு விலகி விலகி, முந்தையதோடு தொடர்பே இல்லாத வானிலையைக் காட்டியது. 1972இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு, பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி கிளம்புமா என்று கேட்டது. கேள்வியாகத்தான் கேட்டது. இவ்வளவு சிறிய வேறுபாடே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றால், வெகுநாள் கழித்து வரப்போகும் வானிலையைத் துல்லியமாகக் கணிக்க முடியாது, எந்தச் சிறகடிப்பு எந்தப் புயலைக் கொண்டுவந்தது என்று திரும்பிப் போய்க் கண்டுபிடிக்கவும் முடியாது என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

இன்று கட்டுரைகளில் இது எப்படி வருகிறது? "அன்று அவர் எடுத்த ஒரு சின்ன முடிவு, இன்று உலகையே மாற்றிவிட்டது, இதுதான் பட்டாம்பூச்சி விளைவு." அதாவது இந்தச் சிறகடிப்புதான் இந்தப் புயலுக்குக் காரணம் என்று விரல்நீட்டிச் சொல்ல முடியும் என்கிறார்கள். லோரன்ஸ் முடியாது என்று சொன்னதற்கு அவர் தந்த சொல்லையே சான்றாக்குகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் வெளியே வந்த பொருளைவிட உள்ளே விட்டுவந்த பொருள் ஆழமானது. வரலாற்றை எழுதுகிறவருக்கும் அன்றாடச் செய்தியை எழுதுகிறவருக்கும் அந்த அடக்கம் தேவைப்படும்.

'வலியது வாழும்' என்ற தொடர் இன்னும் நீளமாகச் சுற்றி வந்தது. அதன் மூலமான 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்ற ஆங்கிலத் தொடரை 1864இல் எழுதியவர் டார்வின் இல்லை, சமூகத்தைப் பற்றியும் நிறைய எழுதிய ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதை 1869இல் வெளிவந்த தன் நூலின் 5ஆம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். அவர்கள் சொன்னது வலிமையைப் பற்றி இல்லை, சூழலுக்குப் பொருந்திப்போவதைப் பற்றி. வெயில் கூடினால் வியர்க்கத் தெரிந்தது பிழைக்கும், உணவு குறைந்தால் குறைவாகத் தின்பது பிழைக்கும், பெரிய பல் இருப்பது பிழைக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. தமிழில் 'பொருந்துவது' 'வலியது' ஆகியது, அந்த உடுப்போடு அது வணிகச் செய்திக்கும் அரசியல் கட்டுரைக்கும் போனது, சிறு கடைகள் மூடப்படுவதையும் பலவீனமானவர்கள் நசுக்கப்படுவதையும் இயற்கையின் விதி என்று சொல்ல உதவியது.

உருவகத்தின் உண்மையான விலை இந்த இடத்தில்தான் தெரிகிறது. மனிதர்கள் எடுத்த முடிவை இயற்கை நிகழ்வாக உடுத்திக்காட்ட அறிவியல் சொல் ரொம்ப வசதியானது. "ஐடி துறையில் பணிநீக்கச் சுனாமி" என்றால் யாரிடம் போய்க் கேட்பது? சுனாமிக்குக் கையெழுத்துப் போட்டவர் யாரும் இல்லை, பணிநீக்கக் கடிதத்துக்கு உண்டு. "விலைவாசிப் புயல்", "ஆதரவு அலை", "அகதிகள் வெள்ளம்" எல்லாவற்றிலும் இதே சிக்கல், ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள், ஒன்று செய்தவர்கள் மறைகிறார்கள், அல்லது அகதிகளைப் போலப் பாதிக்கப்பட்டவர்களே தண்ணீராகிவிடுகிறார்கள். தமிழ்ச் செய்திநடையின் 'ஏற்பட்டுள்ளது' இதற்கு மேலும் துணைபோகிறது, "மாற்றம் ஏற்பட்டுள்ளது", "பாதிப்பு ஏற்பட்டுள்ளது" என்று எழுவாயில் ஆளே இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதிவிட முடிகிறது. அப்புறம், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு சுனாமி என்ற சொல்லைத் தன் வீட்டு இழப்போடு சேர்த்து நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. படத்தின் 'வசூல் சுனாமி'யை அவர்களும்தான் படிக்கிறார்கள். "ஊழல் என்னும் புற்றுநோய்" என்ற தொடரும் எனக்கு அதே காரணத்தால் உறுத்தும். சிகிச்சை எடுத்துக்கொண்டு நலமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், சமூகத்தின் மிகக் கேவலமான ஒன்றுக்குத் தன் நோயின் பெயர் வைக்கப்படுவதைத் தினமும் காண்கிறார்.

இன்னொரு விலை, போன பொருள் திரும்பி வந்து அறிவியலையே அடிப்பது. 'தியரி' என்றால் அன்றாடப் பேச்சில் ஊகம், "இது என்னோட தியரி" என்கிறோம். அறிவியலில் கோட்பாடு என்பது ஏராளமான சான்றுகளைத் தாங்கி நிற்கும் விளக்கம். சார்பியல் ஒரு கோட்பாடுதான், ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் இருப்பவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்திப் போவதை அந்தக் கோட்பாட்டைக் கொண்டு திருத்தாவிட்டால், உங்கள் கைபேசி காட்டும் இடம் வேகமாகப் பிசகிக்கொண்டே போகும். தமிழில் ஊகம், கோட்பாடு என்று இரண்டு சொற்கள் தெளிவாக இருந்தும், செய்திகளில் 'சதிக் கோட்பாடு' என்று மொழிபெயர்த்து, ஆதாரமில்லாத கதைக்கும் சார்பியலுக்கும் ஒரே பட்டத்தைக் கொடுத்துவிட்டோம். 'சதிக் கதை' என்றோ 'சதி ஊகம்' என்றோ சொல்லியிருக்கலாம். இன்றும் மாற்றிக்கொள்ளலாம், காலம் போய்விடவில்லை.

எதையும் தடைசெய்ய வேண்டியதில்லை. படிக்கும்போதும் எழுதும்போதும் உதிர்ந்த 'போல'வை ஒரு கணம் திரும்ப ஒட்டவைத்துப் பார்த்தால் போதும். எது எதைப் போல, எந்த வகையில் போல? வினையிலா, பயனிலா? முதலில் சொன்ன அதிர்வலை வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கத்தில் முதலில் வந்துசேரும் அலை வேகமானது, பாறைக்குள் நொடிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வரை ஓடும், ஆனால் அதன் ஆட்டம் பொதுவாகச் சிறியது. பின்னால் மெதுவாக, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி வரும் அலைகள்தான் பெரும்பாலும் கட்டடங்களை உலுக்குகின்றன. எங்கே எவ்வளவு அதிர்ந்தது என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் கருவியின் பதிவு இருக்கும். சரி, அமைச்சரின் பேச்சால் கட்சிக்குள் அதிர்ந்தது யார்? முதல் நாள் சத்தம் மட்டுமா, அதற்கடுத்த வாரம் ஏதாவது சரிந்ததா? அதைப் பதிவுசெய்தது யார்? செய்தியின் உள்ளே தேடினால் பல நேரம் ஒரு பெயரும் இருக்காது, ஒரு தேதியும் இருக்காது. சில நேரம் ஐந்தாவது பத்தியில் ஒரு வரி கிடைக்கும்: பேச்சு வெளியான மறுநாள் மூன்று மாவட்டச் செயலாளர்கள் தலைமையிடம் எழுத்துமூலம் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள் என்று. தலைப்பில் வந்திருக்க வேண்டிய வரி அதுதான்.